வாத்தியாரின் இடது கண்

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். பழைய சென்னையின் படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைக்கப் போகிறார்களாம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷத்திலிருந்து நாளுக்கு ஒன்றாக நான் எடுத்த படங்கள் ஆல்பங்களாக என்னிடம் இருப்பதை யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆல்பத்தைப் புரட்டியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆகஸ்ட்ல ஆரம்பிச்சேன்னு சொன்னீங்களே சார். இது ஏப்ரல்லேர்ந்துதானே இருக்கு? முதல் எட்டு மாசம் எங்கே?"

"கரையான் தின்னுடுத்து" என்றேன்.

அவர்கள் வருத்தப்பட்டுத் தலையாட்டினார்கள். அவர்கள் போன பிறகு நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்குத் தோன்றவில்லை. எண்பது வயதைக் கடந்தவன், கண் இமைக்காமல் இவ்வளவு சரளமாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டேன். அந்தப் படங்களைக் கரையான் தொடவில்லை. ஒரு பெண்ணிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்காகக் கொடுக்க நேர்ந்தது என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்ற ஆல்பங்களைக் கண்காட்சிக்குத் தருவதாக இருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பி.ஏ. முடித்துவிட்டுக் கோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அண்ணா குடும்பத்தோடு வாசம். ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விற்றுவிட்டுப் போன சாமான்கள் மூர் மார்க்கெட்டில் குவிந்து கிடந்த காலம் அது. அங்கேதான் அந்தப் பெட்டிக் கேமராவை வாங்கினேன். கறுப்புத் தகரப் பெட்டி. முன்னால் ஒரு கண்ணாடிக் கண், மேலே ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேல் கண்ணாடியில் பார்க்க வேண்டும். தெருவில் போகிறவர்களுக்கு, யாரோ ஒருவன் ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கிறான் என்றுதான் தோன்றும். தன்னைப் படம் எடுக்கிறான் என்று யாருக்கும் தோன்றாது.

ஒரு சுருளுக்கு எட்டுப் படம். நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். தினம் காலை எட்டே காலுக்கு, லஸ் முனையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நின்று, ஒரே ஒரு படம். ஒரு நகரம் நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதைப் பதிவு செய்வதாக எல்லோரிடமும் சொன்னேன். ஆபீஸில் மேலதிகாரிகூட இதற்காக என்னை மரியாதையாகப் பார்த்தார். அண்ணாவுக்குத் தம்பியைப் பற்றிப் பெருமை.

உண்மை வேறு. மாம்பலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், தினம் எட்டே காலுக்கு அங்கே வந்து பஸ்ஸுக்கு நிற்பாள். சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். பெயர் தெரியாது. ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டும் என்ற தைரியமும் கிடையாது, உத்தேசமும் கிடையாது. ஊரைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எட்டு மாதம் அவளைப் படம் எடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். இதை இதற்கு மேல் அழகாகச் சொல்ல வழியில்லை.

அவளைக் கொண்டுவந்து விடுவதற்கு அவளுடைய அப்பா தினம் கூட வருவார். சாந்தோமில் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. அந்தக் குடைதான் எனக்கு எமன். சரியாக நான் நெம்புகோலை அமுக்கும் நேரத்தில் அது அவள் முகத்தை மறைக்கும். குடை மறைக்காவிட்டால் அவரே மறைப்பார். பஸ் வரும் வரைக்கும் அவரால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் அவருக்குப் பேச்சு இருந்தது. அங்கே பூ விற்ற பெண்மணி அவரை விடவே மாட்டாள்.

"இன்னா வாத்யாரே, வெயிலே காணோம், கொடையத் தொறந்துக்கினு கீறே?"

"பொண்ணு கறுத்துடுவாளேம்மா."

"உம்பொண்ணு பஸ் ஏறிப் பூடுச்சு! திரும்பிப் பாரு!"

அவர் திரும்பிப் பார்ப்பார். பெண் அங்கேயேதான் நிற்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள். இப்படித் தினம்.

லஸ்ஸிலிருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில் சுருளைக் கழுவிப் பிரிண்ட் போடுவேன். அவள் முகம் நன்றாக விழுந்த படங்களை ஆல்பத்தில் ஒட்டுவேன். அவர் வந்து மறைத்த படங்களின் பின்பக்கம் தேதியைப் போட்டு, பென்சிலால் 'பாழ்' என்று எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிடுவேன். அப்படிப் பத்தொன்பது படங்கள் சேர்ந்தன.

பொங்கல் கழிந்த வாரம் ஒரு நாள் அவர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாலையைக் கடந்து நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, நானும் தினம் பார்க்கிறேன். அந்தப் பெட்டியில என்ன புடிக்கிறீங்க?"

"ஊரை, சார். தினம் ஒரு படம். பின்னால வர்றவாளுக்கு உபயோகமா இருக்கும்."

"நல்ல காரியம். ஊருன்னா அதுல நானும் சேர்த்தியா?"

"சேர்த்திதான் சார்."

"அப்ப என்னைத் தனியா ஒண்ணு புடிங்களேன். அம்பத்தெட்டு வயசாச்சு, எனக்குன்னு ஒரு படம் கிடையாது. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவுலகூட, பையன்களை அதட்டி நிக்க வைக்கிறதுக்குள்ள அவன் எடுத்து முடிச்சுடுவான். பொண்ணு ஸ்டூடியோவுக்கு வாங்க வாங்கன்னு உயிரை எடுக்கிறா. அங்க போனா மோவாயைப் புடிச்சுத் திருப்புவான். நமக்கு ஒத்துவராது."

குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கைத்தடிபோல் ஊன்றிக்கொண்டார். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வெயில் முகத்தில் அடித்ததால் அவருடைய இடது கண் பாதி மூடிக்கொண்டது. வெளிச்சம் பட்டால் அந்தக் கண் அப்படித்தான் சுருங்கும் என்பதை அதற்கு முன்பே கவனித்திருக்கிறேன்.

பெட்டியில் அன்றைக்கு உரிய ஒரு படம் மீதி இருந்தது. எதிர்ப்பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள்; குடையும் இல்லை, அப்பாவும் இல்லை. அப்படி ஒரு சந்தர்ப்பம் ஐந்து மாதத்தில் வாய்த்ததில்லை. அந்த ஒரு படத்தை இவருக்குச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. குனிந்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்தேன். நெம்புகோலைத் தொடவில்லை. கட்டைவிரல் நகத்தால் தகரப் பெட்டியில் 'டக்' என்று ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஆச்சு சார்."

"ஆச்சா? அவ்வளவுதானா? ஒண்ணுமே தெரியலையே!"

"அவ்வளவுதான் சார்."

"ரொம்ப உபகாரம் தம்பி. பிரிண்ட் போட்டா ஒண்ணு குடுங்க, வீட்டுல காட்டணும்."

அவர் சாலையைத் திரும்பக் கடப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அவசரமாக அமுக்கினேன். பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் பஸ்களின் பின்னால் கரியடுப்பு கட்டி ஓட்டினார்களே, அந்த மாதிரி ஒரு பஸ்ஸின் முதுகும் அதன் புகையும்தான் அன்றைய படத்தில் விழுந்தன.

அதன் பிறகு நாலைந்து தடவை கேட்டார். "படம் வந்ததா தம்பி?" ஸ்டூடியோவில் இன்னும் கழுவவில்லை என்றேன். அடுத்த தடவை, ஸ்டூடியோக்காரருக்குக் காய்ச்சல் என்றேன். "அடப்பாவமே, என்ன காய்ச்சல்? மலேரியாவா?" என்றார். மறுவாரம் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அவருக்கு உடம்பு தேவலையா?" என்று மட்டும் கேட்டார். தேவலை என்றேன்.

மார்ச் மாதத்தில் பத்து நாள் இருவரும் வரவில்லை. பதினோராம் நாள் அவள் மட்டும் கறுப்புச் சேலையில் வந்து நின்றாள். என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொள்ள அதுவே போதும். புரிந்த பிறகும் நான் நெம்புகோலை அமுக்கினேன். குடை மறைக்காத படம்.

அவள் சாலையைக் கடந்து வந்தாள். பெட்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அப்பா தவறிட்டாங்க. தூங்கும்போதே போயிட்டாங்க" என்றாள். "நீங்க அவங்களைத் தனியா ஒரு படம் எடுத்தீங்களாமே? வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தாங்க. முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கணும். எங்ககிட்ட அப்பா படம் ஒண்ணுகூட இல்லை. அடக்கத்தன்னைக்குப் பெட்டியைச் சுத்தி எல்லாரும் நின்னு எடுத்ததுதான் இருக்கு."

அவர்கள் வழக்கத்தில், இறந்தவர் படத்தைச் சின்ன அட்டையில் அச்சடித்து, கீழே ஒரு ஜெபமும் போட்டு, முப்பதாம் நாள் பூசையில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டவர்கள் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அவருக்காக வேண்டிக்கொள்வார்கள். அந்த அட்டைக்குத்தான் அவள் ஒரு முகம் கேட்டாள்.

"அந்தச் சுருள்ல வெளிச்சம் பட்டுடுத்து" என்றேன். "எல்லாம் போயிடுத்து."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"சரி, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டின்னில் பத்தொன்பது படங்கள் இருந்தன. எந்த ஒன்றையும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கொடுத்தால் மற்றவை ஏது என்ற கேள்வி வரும். தினம் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே பெண். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவளுடைய அப்பாவின் முகத்தைப் பிஸ்கட் டின்னுக்குள் ஒளித்து வைத்தேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் அவள் அந்த அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பாவுக்காக வேண்டிக்குங்க. எந்தச் சாமிகிட்ட வேண்டிக்கிட்டாலும் சரிதான்."

வாங்கிப் பார்த்தேன். சவப்பெட்டிப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, மூடிய இமைகள் மேல் கண்களை வரைந்திருந்தார்கள். இரண்டும் ஒரே அளவு, பெரிய, உருண்டைக் கண்கள். யாரையோ மிரட்டுவதுபோல் இருந்தன.

"இதையே பெரிசாக்கிக் கூடத்துல மாட்டியிருக்கோம்" என்றாள். "அம்மா கூடத்துக்கே வர்றதில்லை. இந்தாளு யாருன்னு கேட்கிறாங்க. என் வீட்டுக்காரரை எங்க கொண்டுபோய் வச்சீங்கன்னு கேட்கிறாங்க."

அன்று மாலை சுருளைக் கழுவக் கொடுக்க ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் என் சுருளைக் கையில் வாங்கவில்லை. மேஜையிலிருந்த அந்த அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார்.

"சார், உன்னிய ஒண்ணு கேக்கணும். இது நா போட்ட வேல. கண்ணு மூடிக்கினு கீது, நா இன்னா பண்றது? எனக்குத் தெரிஞ்ச கண்ணப் போட்டேன்."

"யார் கண்ணு அது?"

"என் மாமனாரு கண்ணு. வேற யாரு கண்ணு எனக்கு நெனப்புல கீது? அவுருதான் தெனம் என்னிய மொறச்சிக்கினே இருப்பாரு." அவர் சிரிக்கவில்லை. "அத்த வுடு. நேத்து உன் பழைய நெகடிவ்வ அடுக்கிக்கினு இருந்தேன். கொடை வச்சிக்கினு ஒருத்தரு. எத்தினி தபா வந்துகீறாரு! இந்த வாத்யாருதானே அது? உசுரோட சிரிச்சிக்கினு கீறாரு உன் சுருள்ல. நா இங்க பொணத்துக்குக் கண்ணு வரைஞ்சிக்கினு குந்திக்கினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவரே உள்ளே போய் ஒரு நெகடிவ்வைக் கொண்டுவந்து விளக்குக்கு எதிரே பிடித்தார். பூக்காரி ஏதோ சொல்ல, வாத்தியார் திரும்பிச் சிரிக்கும் படம். முகம் முழுசாகக் கேமராவின் பக்கம் இருந்தது. அவர் முழங்கையைப் பற்றியபடி பெண் நின்றாள். அவள் முகத்தில் பாதியைக் குடை மறைத்திருந்தது.

"இதைப் பெரிசா போட முடியுமா? அவர் மட்டும் போதும். பொண்ணை வெட்டிடுங்கோ" என்றேன்.

"பொண்ண வெட்டிர்லாம். அவுரு கைல கீதே அந்தப் பொண்ணு கை, அது எங்க போவும்? முழங்கைல தனியா ஒரு கை தொங்கிக்கினு இருக்குமே?"

"மறைக்க முடியாதா?"

"டச்சப் பண்ணி மறைக்கலாம். சொன்னா மறைக்கிறேன்." அட்டையை மறுபடி என் முன்னால் வைத்தார். "என் டச்சப்புதான் எப்டி இருக்கும்னு பாத்துட்டியே."

அந்த உருண்டைக் கண்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னொரு தடவை அவர்மேல் சாயம் பூசச் சொல்ல என்னால் முடியவில்லை. எதையும் வெட்டாமல் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நேரமாகப் பார்த்து, பெரிய படத்தையும் ஆல்பத்தையும் பிஸ்கட் டின்னையும் ஸ்டூடியோவிலிருந்து வாங்கிவந்த நெகடிவ் கட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சாந்தோமுக்கு நடந்தேன். கச்சேரி ரோடு அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், விசாரித்துக் கண்டுபிடித்த ஓட்டு வீடு. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டு உள்ளே கூப்பிட்டாள். கூடத்துச் சுவரில் உருண்டைக் கண்கள் என்னைப் பார்த்தன. அவள் அம்மா சமையலறை வாசற்படியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

நின்றுகொண்டேதான் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். அன்று அவரை நான் படம் எடுக்கவே இல்லை, நகத்தால் தட்டி ஏமாற்றினேன். வெளிச்சம் பட்டது பொய். ஸ்டூடியோக்காரருக்குக் காய்ச்சல் வந்ததும் பொய். ஊரைப் படம் எடுத்ததும் பொய். சுவரில் இருப்பவை ஸ்டூடியோக்காரருடைய மாமனாரின் கண்கள். எதை எடுத்தேன் என்பது இதில் இருக்கிறது என்று பையை மேஜைமேல் வைத்தேன்.

பெண் ஆல்பத்தைத் திறந்தாள். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. கறுப்புச் சேலைப் படம் வந்ததும் கை நின்றது.

"இது அப்பா போனப்புறம்."

"ஆமா."

ஆல்பத்தை மூடினாள். "என்னைக் கேட்டிருக்கணும் நீங்க. கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேனா, செருப்பைக் கழட்டியிருப்பேனா, எனக்குத் தெரியாது. ஆனா கேட்டிருக்கணும்."

அதற்குள் அம்மா எழுந்து வந்து பெரிய படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தார். விரலால் படத்தில் அவருடைய இடது கண்ணைத் தொட்டார்.

"இதோ இருக்காரு" என்றார். "வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு... எங்க போயிருந்தாரு இத்தனை நாள்?"

பிறகு டின்னிலிருந்த சின்னப் படங்களையும் கொட்டச் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படத்தில் கண்ணாடி நின்றது.

"ஏய், இங்க வா. இது என்ன அவர் கையில?"

பெண் குனிந்து பார்த்தாள். "வடை மாதிரி இருக்கும்மா."

"நெத்தியில என்ன?"

"சாம்பல்..." பெண் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விபூதிப் புதனன்னைக்கு! கோவில்ல சாம்பல் பூசிக்கிட்ட கையோட! ஒருசந்தி இருக்கேன், மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணி தொட மாட்டேன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போன மனுஷன்! லஸ்ல நின்னு வடை திங்கிறாரு பாரு!"

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பிலேயே அழுகை வந்தது, மறுபடி சிரிப்பு. பெண்ணும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முப்பது நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அம்மா வடைப் படத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டப் போனபோது, பெண் ஒரு படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் என் கையெழுத்து. இன்னொன்றைத் திருப்பினாள். மூன்றாவதையும் திருப்பினாள். எல்லாவற்றிலும் 'பாழ்'. அதை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செய்ததையெல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பள்ளிக்கூடத்துப் பையைத் துழாவி ஒரு ரப்பரை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா பார்க்கிறதுக்குள்ள நீங்களே அழிங்க."

உட்கார்ந்து அழித்தேன். வடைப் படத்தை அம்மா கொண்டுவந்து வைத்ததும், அதை அவள் தன் கையாலேயே புரட்டி, மறைத்தாற்போல் என் பக்கம் தள்ளினாள். பத்தொன்பது படங்களையும் அழித்து முடிக்கும்வரை எதிரே நின்றுகொண்டிருந்தாள், பரீட்சையில் மேற்பார்வை பார்ப்பவள்போல. சில இடங்களில் பென்சிலின் தடம் போகவில்லை. தேய்த்தது போதும், காகிதம் கிழிந்துவிடும் என்று அவள்தான் நிறுத்தினாள்.

ஆல்பம், டின், நெகடிவ் எல்லாவற்றையும் அவள் எடுத்துக்கொண்டாள். அவற்றை என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. வாசல்வரை வந்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "படம் எடுக்கிறதை விட்டுடாதீங்க. கேட்டுட்டு எடுங்க. எடுத்தா அவங்களுக்கு ஒண்ணு கொடுத்துடுங்க."

மறுநாள் லஸ் முனையில் முதலில் பூக்காரியிடம் போய்க் கேட்டேன்.

"இன்னாத்துக்கு நைனா? பேப்பர்ல போடுவியா?"

"இல்லை. சும்மா, ஞாபகத்துக்கு."

"யாரு ஞாபகத்துக்கு? உனக்கா எனக்கா?"

"ரெண்டு பேருக்கும். உனக்கும் ஒண்ணு தரேன்."

"அப்ப இரு. என் ஊட்டுக்காரரு தோ அந்த டிராமாண்ட நிக்கிறாரு, இட்டாரேன்." கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் தலையை வாரிக்கொள்ள வேண்டும் என்றார். அதற்குள் டிராம் கண்டக்டர் தன்னையும் எடுக்கச் சொன்னார். நாளுக்கு ஒரு படம் என்ற விதி அன்றே உடைந்தது. என்னிடம் இப்போது இருக்கும் ஆல்பங்கள் அந்த ஏப்ரல் நாளில்தான் தொடங்குகின்றன. அவற்றில் எல்லோரும் நேராக என்னைப் பார்க்கிறார்கள். கண்காட்சிக்காரர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. "எப்படி சார் எல்லாரும் இவ்வளவு சகஜமா நிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். பெயரைக் கேட்டேன், சௌக்கியத்தைக் கேட்டேன், பிறகு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வேறு வித்தை எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த நாட்களில் பெட்டியைத் தாழ்த்திக்கொண்டு டிராம் ஏறி ஆபீஸுக்குப் போய்விடுவேன்.

மறுவருஷம் மார்ச்சில் வருஷ நினைவுப் பூசைக்கு எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையும் வாத்தியார்தான் என்று பூக்காரி சொல்லியிருந்தாள். எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று எழுதினால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும். கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்ததும் அம்மா வாசலில் நின்றுகொண்டார். ஒரு கையில் புதிய நினைவு அட்டைகள். சிரிக்கும் முகம், சுருங்கிய இடது கண், முழங்கையில் பெண்ணின் கை. அதை அவர்கள் வெட்டவில்லை. மற்றொரு கையை, வருகிறவர்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

"பழசைக் குடு. குடுத்தாத்தான் புதுசு."

பெண்கள் ஜெபப் புத்தகத்தைப் புரட்டிப் பழைய அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு கிழவர், "ஒரு வருஷமா இந்த மூஞ்சியைப் பார்த்துத்தானேம்மா வேண்டிக்கிட்டேன். அந்த ஜெபமெல்லாம் யாருக்குப் போச்சு?" என்றார்.

"ஸ்டூடியோக்காரர் மாமனாருக்கு" என்றார் அம்மா. "அவருக்கும் வேண்டியிருக்கும், போகட்டும்."

என் முறை வந்தது. சட்டைப் பையிலிருந்து என் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருஷம் ஆபீஸுக்குப் போகும்போதும் வரும்போதும் அது என் பையிலேயே இருந்ததால் ஓரங்கள் நைந்திருந்தன. அம்மா அதைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புதிய அட்டையைக் கையில் வைத்தார்.

"வீட்டுக்கு வாங்க தம்பி. காபி குடிச்சிட்டுப் போகலாம்."

கோவிலில் மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது, நெருப்பில்தான் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சேர்ந்த பழைய அட்டைகளை அம்மா முறத்தில் கொண்டுபோய், பிடி பிடியாக விறகடுப்பில் போட்டார். கூடத்துச் சுவரிலிருந்து கழற்றி வைத்திருந்த பெரிய படமும் சட்டத்திலிருந்து பிரிந்து அடுப்புக்குள் போனது. கெட்டி அட்டை, நன்றாக எரிந்தது. அதில் கொதித்த காபியைப் பெண் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். வந்தவர்கள் வாத்தியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். விபூதிப் புதன் வடைக் கதையை அம்மா மறுபடி முதலிலிருந்து சொன்னார். எனக்குக் கொடுத்த டம்ளரில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. மிச்சம் வைக்காமல் குடித்தேன்.